விடுதலைக்குப் பின்னும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. தென்கிழக்காசியாவின் சிறை முகாம்களில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டிருந்த நேச நாட்டு வீரர்கள் கப்பலேறித் தத்தம் நாடு திரும்பினர். மெலிந்த உடல் தேறியது, புண்களும் ஆறின. துன்பம் தீர்ந்ததென்றே சுற்றத்தார் மகிழ்ந்தனர். ஆயின், உடல் சிறை நீங்கிய அன்றே உள்ளமும் நீங்கிவிடுவதில்லை.

அவர்களுள் பலர், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையில் உழைத்தவர்கள். காடும் மலையும் ஊடறுத்துச் சென்ற அப்பாதை, ஏறத்தாழ ஓராண்டில், 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கு வேலை செய்த போர்க் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். பசியாலும் காலராவாலும் அடியாலும் மாண்டவர் 12,000-க்கு மேற்பட்டோர்.

பிழைத்தவருள் ஒருவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எரிக் லோமாக்ஸ். இளமை முதலே புகைவண்டிகளின்மீது பெருங்காதல் கொண்டிருந்த அவர், இருப்புப் பாதையாலேயே துன்புற நேர்ந்தது விதியின் விளையாட்டுப் போலும்! உலகச் செய்தி அறிவதற்காகக் கைதிகள் மறைவாகச் செய்து வைத்திருந்த வானொலிக் கருவி 1943-இல் பிடிபட்டது. தோழர் இருவர் அடிபட்டே இறந்தனர். லோமாக்ஸின் கைகளை ஒடித்தனர். மூக்கிலும் வாயிலும் நீரைப் பாய்ச்சி வினவினர். அவ்வினாக்களை ஆங்கிலத்தில் எடுத்துரைத்த மொழிபெயர்ப்பாளரின் குரல், அடித்த கைகளைக் காட்டிலும் ஆழமாக அவர் நெஞ்சிற் பதிந்தது.

ஊர் திரும்பிய பின்னரும் அக்குரல் கனவில் வந்தது. இரவில் அலறி எழுந்தார். பகலில் காரணமின்றிச் சினந்தார். மனைவியிடமும் வாய் திறவாதிருந்தார். இஃது ஏன் எனின், முகாமில் ஒருவனைக் காப்பன இடையறாத விழிப்பும், ஐயமும், உணர்ச்சியை வெளிக்காட்டாத மௌனமுமே. பகை நீங்கிய பின்னும் உள்ளம் அவற்றை விடுவதில்லை. அங்கே அரணாய் நின்றவை இல்லத்தில் நோயாய் நிற்கின்றன. வீரன் கலங்கலாகாது என்னும் பழைய எண்ணமும் பலரை வாய் மூடச் செய்து நோயை வளர்த்தது. மருத்துவ உலகும் விரைந்து விழித்துக்கொள்ளவில்லை. கொடுந்துன்பத்துக்குப் பின் தோன்றும் இம்மனநோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனிப்பெயர் வழங்கியது 1980-இல்தான்.

லோமாக்ஸ் முதுமையில்தான் இலண்டனில் வதைபட்டோர்க்கென அமைந்த மருத்துவ நிலையத்தை அடைந்தார். பொறுமையுடன் கேட்பாரைப் பெற்றதும் நா மெல்ல அசைந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் நாகாசே தகாஷி உயிரோடிருப்பதும், அன்று கண்ட கொடுமை அவரையும் உறங்கவிடாமல் வருத்தி வந்ததும் பின்னர்த் தெரியவந்தன. 1993-இல், சயாமின் காஞ்சனபுரியில், பாலத்தின் அருகே இருவரும் சந்தித்தனர். நாகாசே நடுங்கியவாறே வருத்தம் தெரிவித்தார். பழிவாங்கும் நினைவோடு நெடுங்காலம் வாழ்ந்த லோமாக்ஸ் அவரை மன்னித்தார். அதுவும் அன்றே அன்று, சில நாள் பழகிய பின்னரே. 1995-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்ட அவர், 2012-இல் மறைந்தார்.

அதே பாதையில், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரும் உழைத்தனர். அவர்களுக்குப் படைத்தலைவரும் இல்லை, உடன் வந்த மருத்துவரும் இல்லை. ஆதலின் மாண்டோர் மிகப் பலர். தப்பியவர் தோட்டத்துக்கு மீண்டு, மறுபடியும் பால் வெட்டும் கத்தியைக் கையிலெடுத்தனர். இரவில் அவர்கள் கண்ட கனவு யாது என்று கேட்டறிந்தோர் மிகச் சிலரே. அவ்வாறு கேட்கப்பட்டவரும் அதற்குள் முதியவராகியிருந்தனர்.