கிறிஸ்துமஸ் வரட்டும்... கடன் வேண்டாம்!

ஜனவரி பிறந்ததும், "தூக்கமே வரலைங்க டாக்டர், நெஞ்சு படபடங்குது" என்று தாய்மார்கள் சிலர் வருவார்கள். நாடி பார்த்துவிட்டு, "கம்மல் எங்கேம்மா?" என்று கேட்பேன். கிறிஸ்துமஸ் செலவுக்காக அடகுக்கடைக்குப் போயிருக்கும்!

தூத்துக்குடியில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடல் கொந்தளித்தால் படகு கரையில்தான். கையில் காசு குறைந்த அந்த நேரத்தில்தான் பண்டிகையும் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருவெள்ளம்; அடுத்த வாரமே கிறிஸ்துமஸ். ஆடம்பரம் குறைந்ததே தவிர, பண்டிகை நின்றுவிடவில்லையே!

குடில், நள்ளிரவுப் பூசை, அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு... இவை மரபு. அடுத்த வீட்டைப் பார்த்து எடுக்கும் மூன்றாவது புடவை மரபல்ல.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூனிலிருந்தே மாதம் 500 ரூபாய் ஒதுக்குங்கள். நவம்பரில் 3,000 ரூபாய் கையில் இருக்கும். அக்கா, தங்கை, மைனி எல்லோரும் ஒரே வீட்டில் கூடி அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடுங்கள். எண்ணெயும் கேஸும் மிச்சம். சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை சேர்ந்த நம்ம ஊர் மக்ரூன் கால் கிலோ போதும். சர்க்கரை நோயாளி ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். பூசை முடிந்து வந்ததும் சூடாகச் சுக்குக் காபி. குளிருக்கு இதம், வயிற்றுக்கும் நல்லது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனுக்கு வட்டிப் பணத்தில் விழா எதற்கு? இந்த ஜனவரியில் கம்மல் உங்கள் காதிலேயே இருக்கட்டும்!