பழைய காரைப் பேணுதல்

புதிய பொருளைச் செய்யும் கையை உலகம் புகழ்கின்றது. பழைய பொருளைப் பழுது நீக்கிக் காக்கும் கையையோ எளிதில் மறந்துவிடுகின்றது. ஆயினும், இவ்விரண்டனுள் பின்னதே மிகுந்த பொறுமையை வேண்டுவது. புதிது செய்வோன் தன் விருப்பம்போல் செய்யலாம். பழுது பார்ப்போனோ முன்பு செய்தவனுடைய கருத்தை உணர்ந்து, அதற்கு அடங்கி நடத்தல் வேண்டும். கோயில் தேரைச் செப்பனிடும் தச்சர் உளுத்த மரத்தை மட்டுமே நீக்குவர். உறுதியாயுள்ள சிற்பத்தின்மீது உளி படாமல் காப்பர். இந்நெறி தேருக்கு மட்டுமன்றிப் பழைய கார்களுக்கும் உரியதாகும்.

நம் நாட்டுப் பழைய கார்களுள் பெரிதும் பெயர்பெற்றது அம்பாசிடர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி அமைந்த அதனை, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவந்தது. அமைச்சர்க்கும் மருத்துவர்க்கும் மணமக்களுக்கும் வாடகைக்கு அமர்த்துவோர்க்கும் அஃது ஒருங்கே பயன்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே, இன்று அக்காரிலிருந்து கழற்றி எறியப்படும் ஓர் உறுப்பு, மீண்டும் கிடைத்தற்கு அரியதாகிவிடும். இதனை நினைவிற் கொண்டே அதன் உட்புறத்தைச் செப்பனிடத் தொடங்குதல் வேண்டும்.

காரின் உட்புறம் கெடுவதற்குக் காரணங்கள் பல. திருச்சிராப்பள்ளியின் கோடை வெயிலில் நாள் முழுதும் நிற்கும் வண்டியில், தோல்போல் தோன்றும் ரெக்சின் உறை காய்ந்து வெடிக்கும். துறையூர் வழியாகப் பச்சைமலைக்கு ஏறி இறங்கும் வண்டியில், சாலையின் அதிர்ச்சியால் திருகாணிகள் தளரும். மழைநீர் கண்ணாடி ஓரத்து ரப்பரின் வெடிப்பு வழியாகக் கதவினுள் இறங்கும். எனவே, கெட்டதைக் காண்பதோடு நில்லாமல், கெடுத்தது யாது என ஆராய்வதே பழுது பார்ப்போனின் முதற்கடமை.

ஓர் உறுப்பையும் கழற்றுவதற்கு முன்னர், உள்ளது உள்ளபடி படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. ஒவ்வோர் இடத்துத் திருகாணியையும் தனித்தனிச் சிமிழில் இட்டு, அதன்மேல் இடத்தின் பெயரை எழுதி வைத்தல் வேண்டும். அளவுமானிகளையும் விளக்குப் பொத்தான்களையும் தொடுமுன், மின்கலத்தின் இணைப்பை நீக்கிவிடல் வேண்டும்.

இனி, இருக்கையைக் காண்போம். பழைய கார்கள் பலவற்றில், கண்ணுக்குத் தோன்றும் ரெக்சினுக்கு அடியில் பஞ்சும், பஞ்சின் அடியில் தேங்காய் நாரும், நாரின் அடியில் சாக்குத் துணியும், யாவற்றிற்கும் அடியில் எஃகுச் சுருள்வில்லும் அமைந்திருக்கும். அனுபவமில்லாதவர் மேலுறையை மட்டும் மாற்றி, வேலை முடிந்தது என மகிழ்வர். சில திங்களிற் புதிய உறையும் குழிந்து சுருங்கும். குறை உறையில் இல்லை, அடியிலே உள்ளது. பல இடங்களில் வில்லும் ஒடிந்திராது. வில்லோடு வில்லைப் பிணித்த கம்பியே அறுந்திருக்கும். அக்கம்பியைக் கட்டி, துருவைத் தேய்த்து, நசுங்கிய நாரை மாற்றினால் இருக்கை பழைய நிலையை அடையும்.

கிழிந்த பழைய உறையை எறிந்துவிடலாகாது. அதன் தையலை மெல்லப் பிரித்து, புதிய ரெக்சின்மேல் விரித்து, அவ்வளவிற்கே வெட்டுதல் வேண்டும். அக்கந்தலே புதிய உறைக்கு வழிகாட்டி. தைத்த உறையைச் சிறிது நேரம் வெயிலில் இட்டால் அது நெகிழ்ந்து, சுருக்கமின்றி இருக்கையின்மேற் பொருந்தும். பழைய உறையைக் கெடுத்த வெயிலே புதிய உறையைப் பொருத்தத் துணைசெய்கின்றது!

கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி தேய்ந்து வீணே சுழல்வதுண்டு. பல கார்களில் அதனைப் பிடித்திருப்பது வெளியே தெரியாத சிறு முளை. கைப்பிடியின் அடியிலுள்ள வட்டத் தகட்டை அழுத்தினால் அம்முளை தோன்றும். அதனைத் தட்டி எடுத்தால் கைப்பிடி எளிதிற் கழலும். இதனை அறியாது நெம்பினால் கைப்பிடி ஒடிந்துவிடும். மேலும், கதவினுள் உள்ள பொறி மசகின்றி இறுகியிருப்பதே கைப்பிடி தேய்வதற்குக் காரணமாதல் உண்டு. அப்பொறிக்கு மசகிடாமல் கைப்பிடியை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் தேயும். கதவின் உட்பலகை நீரில் ஊறிப் பிதுங்கியிருப்பின், கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைத் தூய்மை செய்து, பலகையின் பின்புறம் நீர் புகாத தாளை ஒட்டுதல் வேண்டும். தரை விரிப்பையும் தூக்கிப் பார்த்தல் நலம். அதனடியில் துரு மறைந்திருக்கும்.

இவ்வாறு செய்யுங்கால், பழைய காரைப் பளபளக்கும் புதுக்காராக மாற்றிவிட எண்ணுதல் தவறு. 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாறுதல் இன்றி முதல் வடிவிலேயே பேணப்பட்ட வண்டிகளையே பழம்பெரும் வண்டிகள் என, 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற நடுவண் மோட்டார் வாகன விதிகள் கொள்கின்றன. கோயம்புத்தூரில் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜீடி கார் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர், பல நாட்டுப் பழைய கார்களைக் காணலாம். முதல் வடிவம் காக்கப்பட்டால்தான் அத்தகைய கார்கள் தம் காலத்தின் கதையைக் கூறும்.

ஒரு தலைமுறையினர் கைபட்டு வழவழப்பான கைப்பிடியில் அவர்தம் வாழ்வின் சுவடு உள்ளது. அஃது உழைக்கும் வரையில் அதனை மாற்ற வேண்டுவதில்லை. கெட்டதை நீக்குதல் அறிவு. கெடாததை அறிந்து விட்டுவைத்தல் அதனினும் சிறந்த அறிவு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கைகள் இன்று அருகிவருகின்றன. காரைக் காப்பதோடு, அக்கைகளின் தொழிலறிவைக் கற்றுக் காப்பதும் இளைஞர் கடமையாகும்.