கப்பலுக்கு ஒரு சட்டம், சந்துக்கு ஒரு சட்டமா?
வாந்திபேதியை மறைத்தால் தெருவுக்கே ஆபத்து!

சென்னை துறைமுகத்துக்கு எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் சரி, கேப்டன் ஒரு படிவத்தை நிரப்பித் தந்தாக வேண்டும்.

வழியில் விபத்து அல்லாமல் யாராவது இறந்தார்களா? யாருக்காவது தொற்றுநோய் இருக்கும் என்று சந்தேகமா? வழக்கத்தைவிட அதிகம் பேர் படுத்தார்களா? கப்பலில் உள்ள நாய், பூனைக்கு நோவு உண்டா என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது!

நோய் இல்லை, கரைக்கு வர அனுமதி வேண்டும் என்பதற்கு அடையாளம் மஞ்சள் கொடி. துறைமுக சுகாதார அதிகாரி 'சரி' என்ற பிறகுதான் மற்ற வேலை எல்லாம்.

துறைமுகத்து மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கதையே வேறு. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரே சந்தில் மூன்று வீட்டில் வாந்திபேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குவார். இரண்டாவது வீட்டுக்காரர் தெருமுனை டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வார். மூன்றாவது வீட்டில் ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்கு ஓடுவார்கள்.

"நேத்து துன்ன மீனு ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டால் தீர்ந்தது. மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்த விஷயம், நாலாவது வீட்டுக் குழந்தை சுருண்டு விழுந்த பிறகுதான் வெளியே வரும்!

1939-லேயே சட்டம்

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை பொது சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது. தொற்றுநோய் என்று தெரிந்தால் டாக்டர் உடனே சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் மட்டுமல்ல, தொழிற்சாலை மானேஜர், லாட்ஜ் நடத்துகிறவர், குடும்பத் தலைவர் ஆகியோருக்கும் அந்தக் கடமை உண்டு. எண்ணூர் வரை வரிசையாகத் தொழிற்சாலை நிற்கும் வட்டாரத்தில், இப்படி ஒரு கடமை இருப்பது எத்தனை மானேஜர்களுக்குத் தெரியுமோ!

வேப்பிலை சொன்ன சேதி

பழைய காலத்தில் ஜனங்கள் மறைக்கவில்லை. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். அந்நியர் உள்ளே போகமாட்டார்கள். ஒரு கொத்து இலை, தெரு முழுக்கச் சேதி சொல்லிவிடும். ஆனால் அந்தச் சேதி தெருவோடு நின்றுபோனது. கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்ச் சேரவில்லை.

பெரியம்மையை ஒழிக்கக் கடைசியாக உதவியது தடுப்பூசி மட்டும் அல்ல, தகவலும்தான். பெரியம்மை கண்டவரைப் பற்றித் தகவல் சொன்னால் பரிசு என்று அறிவித்தார்கள். 1975-ல் அந்தப் பரிசு ஆயிரம் ரூபாய்! அந்த நாளில் பலருக்கு அது பல மாதச் சம்பளம். அதே 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

138-ல் சேராத கிருமி

தகவல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1992 அக்டோபரில் இங்கே காலரா மாதிரியே வாந்திபேதி கிளம்பியது. ஆனால் பரிசோதனைச் சாலையில் காலராவுக்கான சோதனையில் கிருமி பிடிபடவில்லை! அதுவரை தெரிந்த 138 வகைகளிலும் அது சேரவில்லை. 139 என்று புது எண் கொடுத்தார்கள். வங்கக் கடலோரம் கிளம்பியதால் 'பெங்கால்' என்று பெயர் வைத்தார்கள்.

சில மாதத்திலேயே அது கல்கத்தா, பங்களாதேஷ் என்று பாய்ந்தது. "வெறும் பேதிதானே" என்று இங்கே விட்டிருந்தால், உலகம் இன்னும் தாமதமாகத்தான் விழித்திருக்கும்.

தகரம் அடித்த பயம்

அப்படியானால் ஜனங்கள் ஏன் வாய் திறப்பதில்லை? காரணம் இருக்கிறது. கொரோனா வந்த 2020-ல், சென்னையிலேயே அதிகம் பேர் பாதிக்கப்பட்ட மண்டலமாக ராயபுரம் இருந்தது. வாசலில் ஸ்டிக்கர், தெருவை அடைத்துத் தகரம். தினக்கூலிக்காரருக்கு அது நோயைவிடப் பெரிய அடி. காய்ச்சல் என்று சொன்னால் அடுப்பு எரியாது என்ற நிலையில் யார் சொல்வார்கள்? இந்தப் பயத்துக்கு ஜனங்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆபீஸ் பக்கமும் ஓட்டை இருந்தது. சென்னையில் நடந்த 444 கொரோனா மரணங்கள் கணக்கில் சேராமல் விடுபட்டு, 2020 ஜூலை 22-ல்தான் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. ஜனங்கள் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஆள் சரியாக இருக்க வேண்டுமே!

டி.பி. விஷயத்திலும் இதே பயம்தான். வேலை போய்விடும் என்று இருமலை மறைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் உண்டு. டி.பி. நோயாளி வந்தால் தனியார் டாக்டரும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2012 மே மாதமே உத்தரவு வந்துவிட்டது. பெயர் பதிவானால் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய உதவி, 2024 நவம்பர் முதல் ஆயிரம் ரூபாய் ஆனது. பதிவு செய்யும் தனியார் டாக்டருக்கும் ஊக்கத்தொகை உண்டு.

சொன்னால் யார் வருவார்?

வாந்திபேதிக்குத் தகவல் சொல்ல வேண்டிய இடம் கார்ப்பரேஷன் சுகாதார நிலையம். போனில் என்றால் 1913. மருத்துவ ஆலோசனைக்கு 104. முற்றிய நோயாளியைச் சேர்க்கத் தண்டையார்பேட்டையில் கார்ப்பரேஷனின் தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது.

தகவல் கிடைத்தால் சுகாதார ஊழியர் முதலில் பார்ப்பது நோயாளியை மட்டும் அல்ல, குழாயையும்தான். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். நிறமே மாறவில்லை என்றால் குழாயில் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டியதுதான். உடைப்பு எங்கே என்று தோண்டிப் பார்க்க வேண்டும். சரியாகும் வரை அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்க, நாலு வீட்டுக்காரர் சேர்ந்து போனாலே போதும்.