காணொலிப் பொதுக்கூட்டம்: வருகை பதிவாகும், குரல் பதிவாகுமா?

செப்டம்பர் 30 நெருங்கிவிட்டது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்தி முடிக்க அதுவே கடைசி நாள். பட்டியலிட்ட நிறுவனங்கள் பலவும் காணொலியிலேயே கூட்டத்தை நடத்துவதால் வாசகர் கடிதங்களும் குவிகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்றுதான்: உள்ளே போக முடிந்தது, தலைவர் பேசியதும் கேட்டது, ஆனால் கேள்வி கேட்க வழியே இல்லை. இப்படி எழுதிய வாசகர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, கோளாறு பெரும்பாலும் உங்கள் செல்போனிலோ இணைப்பிலோ இல்லை. அமைப்பே அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஊரடங்குக் காலத்தில், 2020 ஏப்ரல் 8-ம் தேதியும் மே 5-ம் தேதியும் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கைகளில் தொடங்கியது காணொலிக் கூட்ட ஏற்பாடு. அடுத்தடுத்து நீட்டித்து, 2025 செப்டம்பரில் 'மறு உத்தரவு வரும் வரை' என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம் 'இருவழித் தொடர்பாக' இருக்க வேண்டும், இ-வோட்டிங் வசதி தர வேண்டிய நிறுவனங்கள் குறைந்தது 1,000 உறுப்பினர்களுக்கு இடம் தர வேண்டும், முதலில் வருபவருக்கே முன்னுரிமை என்பவை முக்கிய நிபந்தனைகள். 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்கள், நிறுவனர்கள் (புரமோட்டர்கள்), நிறுவன முதலீட்டாளர்கள், இயக்குநர்கள், தணிக்கையாளர்கள் போன்றோருக்கு இந்த வரிசை கிடையாது. வரிசையில் நிற்க வேண்டியவர் பத்துப் பங்கு, நூறு பங்கு வைத்திருப்பவர்தான்.

'இருவழி' என்ற வாக்குறுதியைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். உறுப்பினர்கள் கூட்டம் நடக்கும்போதே கேள்வி கேட்க அனுமதிக்கலாம், அல்லது முன்கூட்டியே மின்னஞ்சலில் கேள்வி அனுப்ப அவகாசம் தரலாம் என்று அந்தச் சுற்றறிக்கைகளே இரண்டு வாய்ப்புகளைத் தருகின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் விதியை நிறைவேற்றியதாகிவிடும். முந்தைய வாரம் அனுப்பிய மின்னஞ்சலை எந்த அர்த்தத்தில் உரையாடல் என்பது?

தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி விளங்கும். பலர் சேர்ந்து பேசும் காணொலியில் ஒவ்வொருவரின் குரலும் படமும் நடுவில் இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்றவர்களுக்குப் பிரிந்து செல்கின்றன. குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆயிரம் பேரின் மைக்கையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் கூட்டத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார்கள். உள்ளடுக்கில் தலைவர், இயக்குநர்கள், அனுமதி பெற்ற பேச்சாளர்கள் இருப்பார்கள். வெளியடுக்கில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் படமும் ஒலியும் மட்டும் வரும். கல்யாண மண்டபத்தில் மேடையில் நடக்கும் முகூர்த்தத்தைச் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் பார்ப்பது போலத்தான். சில ஏற்பாடுகளில் வெளியடுக்குக்கு ஒளிபரப்பைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவதால் பத்து, இருபது விநாடி தாமதமும் சேர்ந்துகொள்ளும். 'வேறு கேள்வி உண்டா?' என்று தலைவர் கேட்பது உங்கள் காதில் விழும்போது அவர் அடுத்த தீர்மானத்துக்குப் போயிருப்பார்.

வெளியடுக்கிலிருந்து உள்ளடுக்குக்குப் போகும் இடம்தான் என்னை உறுத்துகிறது. பேச விரும்புபவர் கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே 'ஸ்பீக்கர்' ஆகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவரது முறை வரும்போது கூட்டத்தை இயக்குபவர் அவரை உள்ளடுக்குக்கு மாற்றுவார். பரவலாகப் பயன்படும் வெபினார் செயலிகள் சிலவற்றில், மாற்றும் அந்த நொடியில் பழைய இணைப்பு அறுந்து புதிய இணைப்பு உண்டாகும். திரை சில விநாடி வெறுமையாகும். பிறகு மைக்கைப் பயன்படுத்தலாமா என்று பிரவுசர் கேட்கும். அதற்குச் சம்மதித்தாலும் மியூட் நீங்காது. இயக்குபவர் அனுமதி தந்து, நீங்களும் ஒருமுறை அழுத்த வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் தலைவர் இரண்டு முறை பெயரைக் கூப்பிட்டு, 'அவர் இணைப்பில் இல்லை' என்று அடுத்தவருக்குப் போய்விட முடியும். எழுபது வயதில் பேரனின் செல்போனில் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சில விநாடியில் என்ன செய்வார்?

சென்னை நாரத கான சபாவில் பொதுக்கூட்டம் நடந்த காலத்தில் மைக் தர மறுத்தால் எழுந்து நின்று கேட்கலாம். பதில் வராவிட்டாலும், கேள்வியை அரங்கமே கேட்டிருக்கும். காணொலியின் வெளியடுக்கில் யார் கை தூக்கினார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், யாருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பது பக்கத்தில் 'இருக்கும்' பங்குதாரருக்குத் தெரியாது. நேரத்தைப் பொறுத்துப் பேச்சாளர் எண்ணிக்கையைக் குறைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற வரியும் அழைப்பறிக்கைகளில் வழக்கமாக இடம்பெறுகிறது.

பேச முடியாத இந்த உறுப்பினர், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு (கோரம்) மட்டும் கணக்கில் வருகிறார். நிறுவனச் சட்டத்தின் 103-வது பிரிவுப்படி 5,000 பேருக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள பொது நிறுவனத்துக்கு 30 பேர் இருந்தாலே கூட்டம் செல்லும். காணொலியில் இணைந்தவர்களும் அந்த 30-ல் சேர்த்தி. சந்தை மதிப்பில் முதல் 100 பட்டியலிட்ட நிறுவனங்கள் பொதுக்கூட்டத்தை ஒருவழி நேரலையாகவும் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. ஒருவழி வேறு, இருவழி வேறு என்பது ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிந்தே இருக்கிறது. வெளியடுக்கில் கிடைப்பது ஒருவழி. அதை இருவழி என்று அழைப்பது உண்மையல்ல.

காணொலியால் நன்மை உண்டு. மும்பையில் பதிவான நிறுவனத்தின் கூட்டத்தைத் தூத்துக்குடியில் வீட்டில் இருந்தபடியே பார்க்க முடிவது சிறிய விஷயமல்ல. அந்த வசதி போகக் கூடாது, அதில் குரலும் சேர வேண்டும்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

எனக்குப் பதிலாக ப்ராக்ஸி அனுப்பலாமா? காணொலிக் கூட்டத்துக்கு முடியாது.

முன்பே இ-வோட்டிங் செய்துவிட்டேன், கலந்துகொள்ளலாமா? கலந்துகொள்ளலாம், மறுபடி ஓட்டுப் போட முடியாது.

முன்கூட்டிய ஓட்டு எதுவரை? கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணி வரை.

எப்போது இணைய வேண்டும்? 15 நிமிடம் முன்பே இணைப்பைத் திறக்க வேண்டும் என்பது விதி. திறந்தவுடன் போய்விடுங்கள்.

நடந்ததைப் பிறகு படிக்க முடியுமா? பொது நிறுவனங்கள் எழுத்துப் பதிவைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

அழைப்பறிக்கை கூட்டத்துக்கு 21 நாள் முன்பே வந்துவிடும். வந்த அன்றே ஸ்பீக்கர் பதிவுக்கான கடைசித் தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கேள்வியை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஃபோலியோ எண்ணையோ டீமேட் எண்ணையோ குறிப்பிட மறக்காதீர்கள். கூட்டத்தில் பதில் வராவிட்டால் எழுத்துப் பதிவைச் சரிபார்த்து, நிறுவனச் செயலருக்கு எழுதுங்கள். எத்தனை பேர் பேசப் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள் என்ற இரண்டு எண்களையும் அந்தப் பதிவிலேயே வெளியிட நிறுவனங்களுக்கு அமைச்சகமும் செபியும் உத்தரவிட வேண்டும்.