பணம் வந்தது, யாருக்கு?

புயல் நிவாரணத்தில் மேற்கு வங்கம் அடுத்தடுத்து இரண்டு வழிகளை முயன்றது. இரண்டிலும் சிக்கல், பெயர்ப் பட்டியலில்தான்.

2020 மே 20. சுந்தரவனப் பகுதியில் கரையேறிய ஆம்பன் புயல், கொல்கத்தாவின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. நகரம் மின்சாரம் கேட்டு மறியல் செய்துகொண்டிருந்தது. தெற்கே 24 பர்கானா மாவட்டங்களில் விவசாயிகளின் கவலை வேறு. வயலில் உப்பு நீர். மூங்கில் நட்டுக் கூரை வேய்ந்து வளர்த்த வெற்றிலைக் கொடிக்கால்கள் தரைமட்டம்.

அரசு தாமதிக்கவில்லை. அந்த மாத முடிவுக்குள் மம்தா பானர்ஜி அரசு 6,250 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தது. வீடு இடிந்த குடும்பத்துக்கு 20,000 ரூபாய், விவசாயிக்கு 1,500, கொடிக்கால் வைத்திருந்தவருக்கு 5,000. மத்திய அரசின் முன்பணம் 1,000 கோடி. எல்லாம் நேராக வங்கிக் கணக்குக்கு. இடைத்தரகர்களுக்கு இனி வேலையில்லை என்றே தோன்றியது.

ஆனால் யாருடைய கணக்குக்கு? பட்டியல் தயாரித்தது பஞ்சாயத்து. ஓடுகூடப் பெயராத வீட்டுக்காரர்களுக்கும் பஞ்சாயத்துப் பிரமுகர்களின் உறவினர்களுக்கும் பணம் போனதாகக் கிராமங்களில் போராட்டம் வெடித்தது. ஆளும் கட்சியே தன் உள்ளூர்ப் புள்ளிகளிடம் விளக்கம் கேட்டது. சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டிசம்பர் 1ஆம் தேதி, நிவாரண வினியோகத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடி வாங்கிய அரசு பாடம் படித்தது. 2021 மே 26இல் யாஸ் புயல் ஒடிசாவில் கரையேறியது. பௌர்ணமி ஓதமும் சேர்ந்துகொள்ள, வங்கக் கடலோரத்தின் மண் கரைகள் உடைந்தன. இம்முறை பஞ்சாயத்துப் பட்டியல் இல்லை. 'துவாரே திரான்', அதாவது வாசலில் நிவாரணம், என்ற பெயரில் முகாம்கள். பாதிக்கப்பட்டவரே மனு தர வேண்டும், அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும், பிறகு ஜூலை முதல் வாரத்தில் பணம். பயிர் இழந்தவருக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை.

தொகை சொற்பம். உப்பேறிய நிலம் பழையபடி விளைய ஒன்றிரண்டு பருவமாவது ஆகும். தமிழ்நாட்டில் 2018 கஜா புயலுக்குப் பின் தென்னை மரம் ஒன்றுக்கே 1,100 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது போதாது என்று டெல்டா விவசாயிகள் கொதித்தார்கள்.

தொகையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வங்கத்தில் 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' இயக்கம், 14 லட்சத்துக்கும் அதிகமான வாரதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. அவர்களுக்குக் காகிதம் உண்டு. 2019இல் வந்த 'கிருஷக் பந்து' உதவித்தொகையில்கூட நில உரிமையாளரோடு பதிவு பெற்ற வாரதாரருக்கும் இடம் இருந்தது. ஒரு போகத்துக்கு வாய்மொழியாகக் குத்தகை எடுத்துப் பயிரிடுபவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. விதை, உரம், கடன் எல்லாம் அவர் தலையில். நிலப் பத்திரம் மட்டும் வேறொருவர் பெட்டியில்.

பணத்தை அனுப்ப இன்று ஒரு விசைத் தட்டல் போதும். யார் உழுதார் என்பதை அதிகாரி வயலுக்குப் போய்த்தான் கேட்டறிய வேண்டும். புயலுக்கு முன்பே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால்தான் நிவாரணம் நட்டப்பட்டவர் கைக்குப் போய்ச் சேரும்.