வீட்டுப் பட்டறையில் நீராவி எஞ்சின்

திருவனந்தபுரத்துக்கு 1918-ஆம் ஆண்டில் முதன்முதலாக வந்த புகைவண்டியை இழுத்து வந்தது நீராவி எஞ்சினே. 1931-இல் அவ்விருப்புப் பாதை தம்பானூர் வரை நீட்டப்பட்டபோதும் அதுவே வந்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950 முதல் 1972 வரை 2,351 நீராவி எஞ்சின்களைக் கட்டியபின் அவ்வேலையை நிறுத்திற்று. இன்று கரமனையில் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவன் நீராவியால் இழுக்கப்படும் வண்டியைக் காண விரும்பினால், மேட்டுப்பாளையத்துக்கோ குன்னூருக்கோ சென்று நீலகிரி மலை இரயிலைத்தான் பார்க்க வேண்டும். நகரத்தை அடுத்த வேளியில் 2020-இல் தொடங்கப்பெற்ற சிற்றிரயிலின் தோற்றம் நீராவி எஞ்சினுடையது. ஆனால் அதை ஓட்டுவது சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரமாகும்.

பாடப் புத்தகத்திலோ நீராவி எஞ்சின் இன்னும் இருக்கிறது. வெப்பம் வேலையாக மாறுவதை விளக்குவதற்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆகவே வீட்டுப் பட்டறையில் சிறிய மாதிரி எஞ்சின் ஒன்றைக் கட்டிப் பழகுவது ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயனுள்ள பொழுதுபோக்காகும். இதில் இறங்குவோர் முதலில் மனத்திற் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மாதிரி எஞ்சின் அளவில் சிறியதேயன்றித் தன்மையில் பொம்மை அன்று. அதில் எரியும் நெருப்பு மெய்யான நெருப்பு. அதன் கொதிகலனில் அடைபட்டிருக்கும் அழுத்தமும் மெய்யான அழுத்தமே.

கிளாஸ்கோ மாதிரி கற்பித்த பாடம்

மாதிரி ஒன்று மனித வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சியை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லலாம். சுரங்கங்களிலிருந்து நீர் இறைக்கத் தாமஸ் நியூகோமென் அமைத்த எஞ்சின் 1712 முதல் வழக்கில் இருந்தது. அதன் சிறிய மாதிரி ஒன்று கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பாடம் நடத்துவதற்கென இருந்தது. அதன் உருளை ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் விட்டமும், 15 செண்டிமீட்டர் ஓட்டமும் உடையது. 1763-64 குளிர்காலத்தில் அதைச் செப்பனிடும் பணி கருவி செய்வோராகிய ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. செப்பனிட்ட பின்னரும் அது சில ஓட்டங்களுக்கு மேல் ஓடவில்லை. கொதிகலனில் உண்டாகும் ஆவி போதவில்லை.

பெரிய எஞ்சின் ஓடும்போது அதே அமைப்புடைய சிறியது ஓடாதது ஏன்? விடை கணக்கில் இருக்கிறது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் யாவற்றையும் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகிறது. கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிறது. எனவே உள்ளிருக்கும் ஆவியின் அளவோடு ஒப்பிட, அதைக் குளிரச் செய்யும் சுவரின் பரப்பு இருமடங்காகிவிடுகிறது. நியூகோமென் முறையில் ஒவ்வோர் ஓட்டத்திலும் உருளைக்குள்ளேயே குளிர்நீரைப் பீய்ச்சி ஆவியை நீராக்குவர். அடுத்து வரும் ஆவியின் பெரும்பகுதி குளிர்ந்த சுவரை மீண்டும் சூடாக்குவதிலேயே வீணாயிற்று. பெரிய எஞ்சினில் கண்ணுக்குப் புலப்படாதிருந்த இக்குறை மாதிரியில் வெளிப்பட்டுவிட்டது. உருளையைச் சூடாகவே வைத்துக்கொண்டு, ஆவியை வேறொரு கலத்தில் குளிர்விக்கும் எண்ணம் 1765-இல் வாட்டுக்குத் தோன்றிற்று. 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த மாதிரி இன்றும் கிளாஸ்கோவில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

நம் வீட்டு மாதிரியிலும் இதே விதி செல்லும். சிறிய உருளையில் ஆவி விரைவாகக் குளிர்ந்து நீராகும். ஆதலால் எஞ்சினை முதலில் ஆவியால் நன்கு சூடேற்றி, சேர்ந்த நீரை வெளியேற்றிய பின்னரே ஓடவிட வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம்

கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகை யாவரும் அறிவர். சிறு மெழுகுவர்த்தியையோ எண்ணெய்த் திரியையோ ஏற்றி வைத்தால் அது படபடவென்ற ஒலியுடன் நீர்த்தொட்டியைச் சுற்றி வரும். தாமஸ் பியோ என்பவர் 1891-இல் இவ்வகைப் படகுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் தட்டையான சிறு கலத்தில் நீர் ஆவியாகி, பின்புறக் குழாய்களில் உள்ள நீரை வெளியே தள்ளுகிறது. ஆவி குளிர்ந்ததும் நீர் திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்கிறது. உட்புகும் நீரோ எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. அதனாலேயே படகு முன்னோக்கி நகர்கிறது. குழாய்கள் எப்போதும் திறந்திருப்பதால் பெரிய அழுத்தம் சேர்வதில்லை. பள்ளியில் முதற்பாடத்துக்கு இதுவே ஏற்றது.

இரண்டாம் படி, ஆடும் உருளை எஞ்சின். இதில் தனியான வால்வு கிடையாது. உருளை ஓர் ஊசியச்சில் பொருத்தப்பட்டு இருபுறமும் ஆடும். உருளையின் முகத்தில் ஒரு துளையும், அது உராயும் நிலைத்தகட்டில் இரண்டு துளைகளும் இருக்கும். உருளை ஒருபக்கம் சாயும்போது அதன் துளை ஆவி வரும் துளையோடு சேர்கிறது. மறுபக்கம் சாயும்போது கழிவாவித் துளையோடு சேர்கிறது. பிஸ்டன் தண்டு நேரே சுழல்தண்டின் முளையோடு இணைந்திருக்கும். கனத்த சக்கரம் ஒன்று எஞ்சினை ஓட்டமில்லாத பாதியைக் கடத்திவிடும்.

10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பித்தளைக் குழாய் உருளைக்குப் போதும். சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தத்தில் அதன் பிஸ்டனை ஏறத்தாழ 0.8 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தள்ளும். உராயும் இரு முகங்களும் முற்றிலும் தட்டையாக இருக்க வேண்டும். இல்லையேல் ஆவி அவற்றின் இடையே கசிந்துவிடும். கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய உப்புத்தாளைப் பரப்பி, அதன்மேல் முகத்தை எட்டு வடிவில் பொறுமையாகத் தேய்ப்பது எளிய முறை. கரமனையில் இருப்போர் கிள்ளிப்பாலத்தைக் கடந்து சாலைக் கடைத்தெருவுக்குச் சென்றால் குழாய், தகடு, திருகாணி முதலியவற்றைத் தேடி வாங்கலாம். கடைசல் எந்திரம் இல்லாதவர்கள் பிஸ்டனையும் சக்கரத்தையும் மட்டும் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொண்டு, எஞ்சியவற்றை அரத்தாலும் துளைக்கருவியாலும் முடிக்கலாம். எஞ்சினை முதலில் சைக்கிள் பம்பின் காற்றால் ஓட்டிப் பார்ப்பது நல்லது. காற்றில் ஓடாத எஞ்சின் ஆவியிலும் ஓடாது.

கொதிகலன்: சட்டம் விட்ட இடம்

இனிக் கொதிகலன். நம் நாட்டில் கொதிகலன்களைப் பற்றி 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் வந்துள்ளது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கலங்கள் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. வீட்டில் கட்டும் மாதிரி அரை லிட்டரையும் எட்டாது. ஆகவே அதைச் சோதித்துச் சான்றளிக்க ஆய்வாளர் எவரும் வரமாட்டார். இதைச் சலுகை என்று கொள்வது தவறு. கட்டுபவரே அதன் ஆய்வாளரும் ஆகிறார் என்பதே இதன் பொருள்.

சிறு கலத்தில் என்ன தீங்கு நேரும் என்று கேட்கலாம். சதுர செண்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 133 பாகை வெப்பநிலையில் இருக்கும். கலம் திடீரெனப் பிளந்தால் நீர் 100 பாகைக்கு இறங்கியாக வேண்டும். மிகுந்த வெப்பம் நீரின் ஒரு பகுதியை உடனே ஆவியாக்கும். 100 கிராம் நீரில் 33 பாகைக்கு உரிய வெப்பம் 3,300 கலோரி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி தேவை. எனவே ஏறத்தாழ 6 கிராம் நீர் நொடிப்பொழுதில் 10 லிட்டர் ஆவியாகிறது. ஒரு தேநீர்க் கோப்பை நீரில் அடங்கியுள்ள ஆற்றல் இது. மேலும், 5 செண்டிமீட்டர் விட்டமுள்ள முனைத்தகட்டை அதே அழுத்தம் ஏறத்தாழ 39 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு வெளியே தள்ளும்.

ஆகையால் சில விதிகளைத் தளர்த்தவே கூடாது. கலம் தடித்த செம்புக் குழாயால் ஆனதாக இருக்கட்டும். இரு முனைத்தகடுகளையும் ஒரு தண்டு ஊடே சென்று பிணைத்திருக்க வேண்டும். இணைப்புகளுக்கு ஈயப்பற்று ஆகாது. அது 190 பாகையை அடுத்து உருகிவிடும். நீர் வற்றிய கலத்தில் அவ்வெப்பம் சில நிமிடங்களில் எட்டிவிடும். 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றே வேண்டும். தகர டப்பாக்களையும், சமையலறைப் பிரஷர் குக்கரையும் கொதிகலனாக மாற்ற முயலலாகாது.

ஆனால் பிரஷர் குக்கரைக் காட்டிப் பாடம் நடத்தலாம். அதன் எடைமூடி ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தத்தில், 120 பாகையில், ஆவியை விடுவிக்கிறது. எடைமூடி அடைபட்டால் காப்பதற்கு உருகும் அடைப்பு ஒன்று இருக்கிறது. இரயில் எஞ்சினின் தீப்பெட்டிக் கூரையிலும் உருகும் அடைப்பு உண்டு. டெனி பாப்பன் 1679-இல் காட்டிய மூடிய சமையற்கலத்திலிருந்தே காப்பு வால்வும் பிறந்தது. நம் மாதிரிக் கொதிகலனிலும் காப்பு வால்வு இன்றியமையாதது. ஒவ்வொரு முறையும் தீ மூட்டுமுன் அது தடையின்றி அசைகிறதா என்று கையால் பார்க்க வேண்டும்.

குளிர்நீர்ச் சோதனை

தீ மூட்டும் முன் கொதிகலனைக் குளிர்ந்த நீரால் சோதிப்பது இத்தொழிலின் பழைய நெறியாகும். காற்றுச் சிறிதும் இல்லாதபடி கலத்தை நீரால் நிரப்பி, கைப்பம்பு கொண்டு ஓட்டும் அழுத்தத்தைப்போல் இருமடங்கு வரை ஏற்றுக. சில நிமிடங்கள் அழுத்தமானி இறங்காது நிற்கிறதா, தகடு புடைக்கிறதா, இணைப்பு வியர்க்கிறதா என்று கவனிக்க. நீர் எளிதில் சுருங்காத பொருள், கலம் விரிசல் கண்டாலும் சிறிது நீர் கசிந்ததும் அழுத்தம் விழுந்துவிடும், வெடிப்பு நேராது. இதே சோதனையைக் காற்றால் செய்வது பேரிடருக்கு வழியாகும். சோதனை நாளையும், ஏற்றிய அழுத்தத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஆண்டுதோறும் சோதித்து வருதல் நன்று.

வகுப்பில் ஓட்டும்போது ஆசிரியரே தீ மூட்ட வேண்டும். மாணவர்கள் விலகி நிற்க வேண்டும். எரிசாராயத்தின் சுடர் பகலொளியில் கண்ணுக்குத் தெரியாது; எரியும் விளக்கில் ஒருபோதும் சாராயம் ஊற்றலாகாது. நீர் தீர்வதற்கு முன் எரிபொருள் தீரும்படி இரண்டையும் அளந்து ஊற்றுவது சிறந்த காப்பு.

ஓட்டத்தை வேடிக்கையோடு விட்டுவிடாமல் அளந்து பார்க்கச் செய்க. சக்கரத்தின் அச்சில் நூலைச் சுற்றி ஒரு எடையைத் தூக்கச் செய்யலாம். ஒரு கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 10 ஜூல் வேலை தேவை. ஒரு கிராம் எரிசாராயம் தருவதோ ஏறத்தாழ 25,000 ஜூல் வெப்பம். எரிந்த சாராயத்தை நிறுத்து, தூக்கிய எடையையும் உயரத்தையும் பெருக்கிப் பார்க்கும் மாணவன், நூறில் ஒரு பங்கு வெப்பம்கூட வேலையாகவில்லை என்பதைத் தானே கண்டறிவான். மீதி எங்கே போயிற்று என்று அவன் கேட்கும்போது, உருளையைத் தொடாமல் அருகே கையை வைத்துப் பார்க்கச் சொல்லுக. கிளாஸ்கோவில் வாட் எழுப்பிய கேள்வியும் அதுவேயாகும்.