வடிந்த நீர் எங்கே செல்கிறது?

சென்னைவாழ் சகோதரிகளே! தாங்கள் உளூச் செய்து வழிந்தோடும் நீர் எங்கே சென்று சேர்கிறதென எண்ணியதுண்டா? 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தைப் புழல், பூண்டி ஏரிகளோடு மட்டுமே இணைத்துப் பேசுகிறோம். அதன் பெயரின் மறுபாதி கழிவுநீரகற்றல் என்பது நினைவில் நிற்பதில்லை.

வீட்டுக் கழிவுநீர் தெருக்குழாய் வழியே உந்து நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கோயம்பேடு, கொடுங்கையூர் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஏற்றப்படுகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. இவ்விரு இடங்களிலும் நாள்தோறும் தலா 4.5 கோடி லிட்டர் வரை மேலும் தூய்மையாக்கி ஆலைகளுக்கு அளிக்கும் ஏற்பாடு 2019-இல் வந்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்த ஆண்டும் அதுவே! ஆலை குடிக்காத ஏரிநீர் நம் குடத்துக்கன்றோ மிஞ்சும்?

ஆயினும் நாம் வடிகாலில் விடும் துணியும் கொழுப்பும் குழாயை அடைக்கின்றன. பாதுகாப்பின்றி மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும் உயிர்கள் பலியாயின. பெருநாள் பிரியாணிச் சட்டியில் உறைந்த நெய்யைத் தாளால் துடைத்துக் குப்பையில் இட்ட பின்னரே கழுவுங்கள்.